சாதாரண இறந்தகாலம்

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஐந்தரைக்கு
கொக்குவில் ஸ்ரேசனுக்குப் பின்னால்
தகரக்கூரை போட்ட ரியூட்டறியில்
நாங்கள் எட்டுப் பேர்
வினைச்சொற்களுக்கு வால் வைக்கிறோம்.

ரீச்சருக்கு இருபத்திரண்டு வயது.
எனக்கு முப்பத்தொன்பது.
பலகையில் எழுதிவிட்டு
சோக்குத் தூளைப் பாவாடையில் துடைக்கிறாள்:
சாதாரண இறந்தகாலம்.

"எங்கட இறந்தகாலம்
எப்ப பிள்ளை சாதாரணமா இருந்தது?"
பின்வாங்கிலிருந்து ஓட்டோ கனகேஸ்வரன்.
சிரித்தோம்.
சிரித்து முடிந்தபிறகு கொஞ்ச நேரம்
ஒருவரும் கொப்பியைத் திருப்பவில்லை.

வோக் என்றால் வோக்ட்.
வாய்க்குள் பிரேக் பிடிக்கவேண்டும்.
ஓப்பின் என்றால் ஓப்பின்ட், மெல்லமாக.
வெயிற் என்றால் மட்டும்
வெயிற்றெட்.
காத்திருந்ததற்கு ஓரசை கூட.
நியாயம்தான் என்று பட்டது எனக்கு.

ஒழுங்குக்கு அடங்காதவையும் உண்டு.
கோ என்பது ஒரே இரவில்
உடுப்பும் முகமும் மாற்றிக்கொண்டு
வென்ட் என்று வந்து நிற்கிறது,
வேறு பேரில் பாஸ்போட் எடுத்து
பாரிஸ் போய்ச் சேர்ந்த
எங்கள் சின்ன மாமாவைப் போல.

ஐ வென்ட். ஷீ வென்ட். தே வென்ட்.
போனேன், போனாள், போனார்கள் என்று
வினையின் வாலில் ஆளைக் கட்டியே பழகியவளுக்கு
இந்த வென்ட்
ஓட்ட ஆளில்லாமல்
கே.கே.எஸ். வீதியில் உருண்டுபோகும் சைக்கிள்.

பாசையூர் இயூஜினுக்குப் பிடித்தது கட்.
இன்றைக்கும் கட், நேற்றைக்கும் கட்.
பதினெட்டு வருடமாகச் சந்தையில் மீன் வெட்டுகிறவன்.
"என்ர வேலையை விளங்கின ஒரே சொல்லு
இதுதான் ரீச்சர்."

பயிற்சி: உங்களைப் பற்றி ஐந்து வசனம்.

முதலாவது, நான் கொக்குவிலில் வசித்தேன்.
லிவ்ட்.
எழுதியதும் வாங்கின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.
ஆணி குத்தியது. இன்னும் இங்கேதான்.
"லண்டன் போனபிறகு சொல்லப்போறதுதானே அக்கா,
இப்பவே பழகுங்கோ."
சிவப்புப் பேனையால் ஒரு சரி.

இரண்டாவது, எழுத்து முடிந்து என் கணவர்
பன்னிரண்டு நாள் நின்றார்.
ஸ்டேட்.
அதற்கும் சரி.

மூன்றாவதில்தான் முட்டியது.
போன ஆவணிக்கு வாறன் என்றவர்
வரேல்லை.

வரேல்லை என்ற சொல்லுக்குள் காலம் இல்லை.
அண்டைக்கும் வரேல்லை,
இப்ப இந்த நிமிசமும் வரேல்லை,
இரவு ரிக்கற்றின் படமொன்று போனில் வந்து விழுந்தால்
பொய்யாகிப் போகவும் சம்மதிக்கிற,
கொண்டி போடாத சொல்.
இங்கிலீசோ கச்சேரிக் கிளாக்கரைப் போல
பேனையைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்கிறது:
எப்ப?
முடிஞ்சுதா, முடியேல்லையா?

ரீச்சர் குனிந்து பார்த்தாள்.
"டிட் நொட் போடுங்கோ அக்கா.
இறந்தகாலத்தை டிட் காவும்.
பிறகு வினைக்கு வால் வேண்டாம்.
பழையபடி கம்."

டிட் நொட் கம்.

கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாரம் முழுதும் முன்னால் நிற்கிற
அந்தச் சின்னச் சொல்லின் தலையில்.
கடைசியில் வந்து நிற்பது
ஒரு கீறலும் படாத வேர்ச்சொல்.
அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்:
வா.

றெயில் வந்தது.
தகரம் அதிர, பலகை அதிர,
ரீச்சரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
அவள் என்ன கேட்டாளோ
எட்டுப் பேரும் தலையாட்டினோம்.

நாலாவது எழுதினேன்:
நேற்று பாரை மீன் வாங்கினேன்.
போட். நடுவில் இரண்டு ஊமை எழுத்து.
இயூஜின் எட்டிப் பார்த்தான்.
"ஆர் வெட்டித் தந்தது எண்டும்
எழுதுங்கோவன்."

எழுதினேன், அவன் பேரும்
பக்கத்தில் கட்டும்.
நேற்றையதா இன்றையதா என்று
அந்தச் சொல்லிலிருந்து
ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.